ஒரு மூலைக்குக் கடுகு இல்லை

நூற்று எண்பத்தேழு ரூபாய்.

பேக்கரிச் சுவரில் கரியால் எழுதியிருந்தது. மரியசூசை, 187.

ஒன்பது தட்டுக்கு அடுப்புக் கூலி நூற்றெண்பது. பஸ் வருவதற்குள் நின்றபடியே தின்ற ஒரு பன்னுக்கு ஏழு.

திருப்பூருக்கு வேலைக்கு என்று ஏறிய பஸ். ஏறி இரண்டு வருஷம். மரியசூசை அவள் புருஷன். முதல் ஆறு மாசம் போன் வந்தது.

அவள் இருபது ரூபாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். முதுகில் இன்னும் தேயிலைக் கொழுந்துக் கூடையின் ஈரம்.

சனிக்கிழமைகளில் இப்படித்தான். விடியக்காலையில் ரொட்டி எடுத்த பிறகும் அந்த விறகடுப்பு சாயங்காலம் வரை ஆறாது. அந்தச் சூட்டில் தட்டை வைத்துவிட்டு எஸ்டேட் லைன் வீட்டுச் சனம் கொழுந்து பறிக்க மலையேறிவிடும். பன்றிக்கறி, கோசு, உருளை, பேரிக்காய். மேலே அரைத்த கடுகுப் பூச்சு. எந்தக் காலத்திலோ இங்கே ஆஸ்பத்திரியில் இருந்த ஜெர்மன்காரச் சிஸ்டர் ஒருத்தி சொல்லிக்கொடுத்தது. பச்சைமிளகாய் இவர்கள் சேர்த்தது. கொழுந்தை எடை போட்டுவிட்டு இறங்கி வந்தால் கறி வெந்திருக்கும். சோறு மட்டும் வடித்தால் போதும்.

ஜெர்மன் தட்டு என்பார்கள்.

அவள் தட்டில் ஒரு மூலைக்குக் கடுகு கிடையாது.

அவனுக்குக் கடுகு ஒத்துக்கொள்ளாது.

"ஏன்டி, அந்த மூலை இன்னும் யாருக்குடி? பூனைக்கா?" பின்னால் நின்ற ரோஸ்லின் கேட்டாள். வரிசை சிரித்தது. அவளும் சிரித்தாள்.

நாற்பத்திரண்டு வயதில்தான் எழுத்துப் படித்தாள். பிள்ளைக் காப்பகத்தில், சாயங்கால வகுப்பு. சிலேட்டுக்கு வெளியே அவள் முதன்முதலில் படித்தது இந்தச் சுவரைத்தான். அதற்கு முன் எத்தனையோ சனிக்கிழமை இதே இடத்தில் நின்றிருக்கிறாள். ஏதோ கரி அப்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு.

"நீயாச்சும் கட்டிடேம்மா" என்று பேக்கரி பெனடிக்ட் அண்ணன் ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

அவள் கட்டவில்லை.

காசு இல்லாமல் இல்லை. எத்தனை நாளானாலும் ஒருத்தனுக்கும் ஒரு ரூபாயை அடைக்காமல் விடாத ஆள் அவன். கடனை அவன் கையால்தான் கொடுப்பான். அதற்காகவாவது வருவான்.

அதை நம்பித்தான் இரண்டு வருஷமாக ஒரு மூலையை ஒதுக்கி வைத்தாள்.

முன்னால் இன்னும் இரண்டு பேர்.

மேசை மேல் இருந்த பெட்டி பேசியது. போன் வழியாகப் பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் பெட்டி.

நூற்று எண்பத்தேழு ரூபாய் பெறப்பட்டது.

வரிசையில் அத்தனை ரூபாய்க்கு யாரும் எதுவும் வாங்கவில்லை.

பெனடிக்ட் அண்ணன் போனை எடுத்துப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார்.

"அனுப்பிட்டான்."

எங்கிருந்து என்று அவள் கேட்கவில்லை. போன் அதையெல்லாம் சொல்லாது.

அவர் ஈரத்துணியை எடுத்தார். முதலில் தொகை போனது. பிறகு பெயர்.



அவள் முறை வந்தது. தட்டை நீட்டினார். மூலையில் கொழுப்பு இன்னும் பொரிந்துகொண்டிருந்தது.

இருபது ரூபாயை நீட்டினாள். பாதியில் கையை இழுத்தாள். மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இந்த வாரத்த எழுதிக்கங்கண்ணே."

இதுவரை அவள் கடன் சொன்னதில்லை.

"உன் பேர்லயா?"

"இல்ல."

தட்டை மேசையில் வைத்தாள். சுவர் ஓரத்தில் கிடந்த கரித்துண்டை அவளே எடுத்தாள்.

அவன் பெயர் இருந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது.

காயட்டும் என்று நின்றாள்.