பதினேழாவது பாரில் ஒரு தயக்கம்

பாட்டின் பதினேழாவது பாரில், அந்தத் தாளக் கட்டத்தில், அவள் தயங்கினாள்.

அரை நொடிதான். வலக்கை விரல் பியானோவின் ஒரு கறுப்புக் கட்டையின் மேல் நின்றது. எதையோ தேடியது. பிறகு பக்கத்து வெள்ளைக் கட்டையில் இறங்கியது.

பாஸ் கிடார் வாசித்த லெஸ்லி கண்ணை மூடித் தலையாட்டினார்.

அந்தத் தயக்கத்தையும் அவள் எழுதித்தான் வைத்திருந்தாள்.

வீட்டில், சமையல் மேடையில், பென்சிலால். முப்பத்திரண்டு பாரையும் எழுதி, அழித்து, திருப்பி எழுதி, மனப்பாடம் ஆனதும் தாளைக் கிழித்துப் போட்டிருந்தாள். ஜாஸில் சோலோ என்றால், தன் முறை வரும்போது அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். தோன்றாவிட்டால் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக அவள் பியானோ மிஸ். பிள்ளைகளைக் கிரேடு பரீட்சைக்குத் தயார் செய்கிறவள். எழுதிக் கொடுத்தால் எதையும் வாசிப்பாள். தாளை எடுத்துவிட்டால் கை மரத்துப்போகும்.

மற்ற விஷயங்களிலும் அப்படித்தான். போன் பேசுவதற்குக்கூட முன்னால் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வாள். புருஷனோடு சண்டை என்றாலும் ஒத்திகை இல்லாமல் தொடங்கமாட்டாள். அதற்குள் அவர் குறட்டை விட்டிருப்பார்.

இந்த மூன்று பேர் குழுவில் பியானோ வாசித்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். அந்த ஸ்டூல் அவளுக்கு வேண்டும். வாழ்க்கையில் எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. யார் யாரோ எழுதி வைத்ததை வாசித்தே செத்துப்போய்விடுவோமோ என்று ஒரு பயம்.

ஆறு சனிக்கிழமை வந்து வாசியுங்கள், பார்க்கலாம் என்றார்கள்.

சனிக்கிழமைக்கு ஒன்றாக எழுதினாள். இது ஆறாவது. இன்று முடிவு சொல்வார்கள்.

போன வாரம் டிரம்ஸ் ஜெயசிங், "யோசிக்காம வாசிக்கிறீங்க மிஸ், அதான் அழகு" என்றார். அவர் மகள் அவளிடம்தான் பியானோ படிக்கிறாள். அந்த வார்த்தை அவளை ஒரு வாரமாகத் தின்றுகொண்டிருந்தது.

சோலோ முடிந்தது.

"நல்லா இருந்துச்சு மிஸ். இன்னொரு தடவை போலாமா?" என்றார் ஜெயசிங்.

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இன்னொரு தடவை. பிள்ளைகளிடம் அவளே ஒரு நாளைக்கு இருபது முறை சொல்வதுதான். அப்படியே, பிசகாமல், இன்னொரு தடவை.

வாசித்தாள்.

முதல் முறையைவிடச் சுத்தமாக வந்தது. ஒரு ஸ்வரம் மாறவில்லை. பரீட்சையாக இருந்தால் நூற்றுக்கு நூறு.

பதினேழாவது பாரில் தயங்கினாள். அரை நொடி. அதே கறுப்புக் கட்டையின் மேல் விரல் நின்றது. தேடியது.

லெஸ்லி கண்ணைத் திறந்தார்.

பதினெட்டாவது பாரில் அவளுக்கும் விளங்கிவிட்டது. ஆனால் மனப்பாடம் ஆன கைக்கு நிற்கத் தெரியாது. மீதிப் பதினாலு பாரும் அவள் கையே அவளைக் காட்டிக்கொடுத்துக்கொண்டு போனது. அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்தது.

லெஸ்லி, சரியாகவே இருந்த ஒரு தந்தியை முறுக்க ஆரம்பித்தார். ஜெயசிங் அவளைப் பார்க்காமல் தன் சிம்பல் தட்டைப் பார்த்தார்.

"தடுமாறினதும் அதே இடத்துலதான்."

லெஸ்லியின் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

அவளுக்குக் காது எரிந்தது. இதற்கும் ஒரு பதில் எழுதி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. எழுந்து பையை எடுத்துக்கொண்டு போய்விடுவதா, மன்னிப்புக் கேட்பதா, எது முதலில் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஜெயசிங் மறுபடியும் தொடங்கக் குச்சிகளைத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

பாஸ் தொடங்கியது.

அவள் கை, எழுதி வைத்த வரிக்கே ஓடியது. இழுத்துக்கொண்டாள். போன வாரத்து வரிக்கு ஓடியது. அதையும் இழுத்துக்கொண்டாள். பிறகு ஒரு ஸ்வரம் வாசித்தாள். யாரும் எழுதாதது, அவளும் எழுதாதது.

கேவலமாக இருந்தது.

அடுத்தது அதைவிடக் கேவலம். மூன்றாவது பாரில் நிறுத்திவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

பரீட்சையில் நிறுத்தினால் எல்லாம் நிற்கும். பரீட்சகர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருப்பார். மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம்.

இங்கே எதுவும் நிற்கவில்லை. பாஸ் நடந்துகொண்டே இருந்தது. டிரம்ஸ் கூடவே போனது. அவள் வாசிக்க வேண்டிய இடம் பார் பாராகக் காலியாகக் கடந்தது. போதும் மிஸ் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

முப்பத்திரண்டு பார் முடிந்தது. அவர்கள் முதல் பாருக்குத் திரும்பினார்கள்.

அந்தச் சுற்றும் காலியாகப் போனது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குக் கண் நிறைந்து கட்டைகள் மங்கலாகத் தெரிந்தன.

மூன்றாவது சுற்றின் தொடக்கத்தில் ஜெயசிங் குச்சிகளை வைத்துவிட்டுக் கம்பிப் பிரஷ்களை எடுத்தார். சத்தம் பாதியாகக் குறைந்தது. லெஸ்லியும் தணிந்தார். இனி ஒரே ஒரு விரல் விழுந்தாலும் அறை முழுக்கக் கேட்கும்.

அவள் மடியிலிருந்து ஒரு கையை எடுத்தாள்.

எந்த விரல் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.