கடைசித் தட்டு

இவற்றுக்கு இன்னும் பசிக்கிறது, எதைக் கொடுத்தாலும் நம்பி விழுங்கிவிடும் என்று நினைத்தபடியே ஜோவன்னா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"பதினேழு எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் டாக்டர் இளமாறன்.

"உயிரோட இருக்கு, டாக்டர்."

அந்த ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தவர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ரத்தம் எடுக்கும் ஜோவன்னாவுக்கு மட்டுமே முகம் தெரியும். பதினேழாமவர் ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டவர். "இதுக்குக் கூலியா தேக்கா கடையில நுரை பொங்க ஒரு தே தாரிக் டீ வாங்கித் தரணும்" என்று பேரம் பேசியவர். அவர் ரத்தத்திலிருந்து பிரித்த நோய் எதிர்ப்புச் செல்களை நான்கு தட்டுகளில் அவள் வளர்த்தாள்.

அவள் விடுப்பில் இருந்தபோது, மூன்று தட்டுகளில் இளமாறனே வெள்ளி நானோ துகள்களை ஊற்றிவிட்டார். கிருமி என்று எண்ணி, செல்கள் ஓடிப்போய் விழுங்கியிருக்கின்றன. செரிக்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், வெடித்துச் செத்திருக்கின்றன.

"இன்னிக்கு இதுலயும் ஊத்திடுங்க. பாதி அளவு போதும்" என்றார் இளமாறன்.

"இது மட்டும் இருக்கட்டும் லா, டாக்டர்."

"புண்ணுல ஒட்டற பிளாஸ்டர்லகூட இந்தத் துகள் வருது. எந்த அளவு வரைக்கும் உடம்பு தாங்கும்னு நாமதானே சொல்லணும்?" அவள் திரும்பி வந்ததிலிருந்து அவர் குரலை உயர்த்துவதே இல்லை. "ஊத்தலைன்னாலும் அடுத்த வாரம் தானா செத்துடும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்."

தெரிந்துதான், ஞாயிற்றுக்கிழமைகூட சர்ச்சில் பூசை முடிந்த கையோடு புக்கிட் பாத்தோக்கில் ரயிலேறி வந்து, அவற்றுக்கு உணவு நீர் மாற்றிவிட்டுப் போனாள்.

"கோழிக்குஞ்சு மாதிரில்ல வளர்க்கறீங்க!" இளமாறன் சிரிக்கப் பார்த்தார். "சரி, மனசு வரலைன்னா விடுங்க. பதினேழைத் திரும்ப வரச் சொல்லுங்க. உங்க சர்ச் ஆளுதானே? இன்னொரு டியூப் ரத்தம், அவ்வளவுதான்."

"வர மாட்டார்."

"ஏன், ஊசிக்குப் பயந்துட்டாரா? போன் நம்பரைக் குடுங்க, நான் பேசறேன்."

ஜோவன்னா தட்டை இரண்டு கையாலும் எடுத்து, இளஞ்சூட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"அவரை நீங்களும் பாத்திருக்கீங்க, டாக்டர்" என்றாள் மெதுவாக. "போன வாரம் சுவா சூ காங் கல்லறையில, என் வீட்டுக்காரர் குழியில ஒரு பிடி மண்ணு போட்டீங்களே... அவர்ல இன்னும் உயிரோட இருக்கறது இது மட்டும்தான். நான் ஊத்த மாட்டேன்."