சீலிங் ஃபேனின் முதல் பாட்டு

எழிலரசி தன் படுக்கையறையிலேயே வீணை வாசித்துப் பாடிப் பதிவு செய்வாள். ஜன்னலைச் சாத்துவாள், கதவிடுக்கில் துண்டைச் செருகுவாள், கடைசியாக ஃபேனை நிறுத்துவாள். அதன் இறக்கைகள் அசையாமல் நின்ற பிறகுதான் வாயைத் திறப்பாள்.

"பார்த்தியா? நான் நின்னாத்தான் இந்த வீட்ல பாட்டே ஆரம்பிக்குது" என்று ஃபேன் ஒவ்வொரு முறையும் மைக்கிடம் சொல்லும். மைக் பதில் பேசாது. அதற்குக் கேட்டுத்தான் பழக்கம்.

ஒரு சித்திரை மாதத்து மதியம், வெக்கையில் அவள் ஃபேனை நிறுத்த மறந்துபோனாள். அன்றைக்கென்று பாட்டு அப்படி அமைந்துவிட்டது. ஃபேனை நிறுத்திவிட்டு இன்னும் நான்கு முறை பாடிப் பார்த்தாள். அது திரும்ப வரவில்லை. சரி, முதலில் பாடியதே இருக்கட்டும் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வீணையையும் குரலையும் அளவாகச் சேர்க்க அரை மணி நேரம் ஆனது. பிறகு ஃபேன் இரைச்சலை எடுக்கத் தொடங்கினாள்.

மூன்றாம் நாள் அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்ததும் ஃபேன் ஆவலாகக் கேட்டது: "என் முதல் பாட்டு! நான் எப்படி வந்திருக்கேன்?"

"நீ வரவே இல்லப்பா" என்றது ஹெட்போன். "முழுசா ரெண்டு நாள் உட்கார்ந்து உன்னைத் துடைச்சு எடுத்துட்டா. துளி சத்தம்கூட மிச்சமில்ல."

ஃபேன் உடனே மைக்கைக் கூப்பிட்டது.

"கேட்டியா? அந்த வீணைக்கு வெறும் அரை மணி நேரம். எனக்கு ரெண்டு நாள்!"