பெயர் எழுதிய ஹெல்மெட்

கல்லூரியில் நிறுத்திய ஸ்கூட்டரிலிருந்து ரித்திகாவின் இரண்டாவது ஹெல்மெட்டும் காணாமல் போனது. அப்பா பாலுசாமிக்குப் புரியவேயில்லை. முதல் ஹெல்மெட் திருடு போனதால், இதில் ‘பாலுசாமி தறிப்பட்டறை, கருமத்தம்பட்டி’ என்று போன் நம்பரோடு சிவப்புப் பெயின்டில் பெரிதாக எழுதியிருந்தார்.

“பேரெழுதினதை எவன் திருடுவான், கண்ணு? போட்டா ஊரே பாக்குமே!”

அவருடைய போன் அடித்தது.

“ஏனுங்க, காலேஜ் வாட்ச்மேன் ஜாவித்துங்க. உங்க ஹெல்மெட் என் ரூம்லதான் இருக்குதுங்க. பாப்பாதான் ஒளிச்சு வெக்கச் சொல்லுச்சு. வெறுந்தலையோட வண்டி ஓட்டுது, பயமா இருக்குதுங்க.”

போனை வைத்துவிட்டு அவர் கேட்டதும் ரித்திகா தலைகுனிந்தாள். “‘தறிப்பட்டறை வந்திருச்சு’ன்னு எல்லாரும் சிரிக்கறாங்கப்பா.”

பாலுசாமியாலும் மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் வாட்ச்மேனிடமிருந்து ஹெல்மெட்டை வாங்கிவந்து, சிவப்பு எழுத்தின்மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். ஹெல்மெட்டின் உள்துணியைக் கழற்றி, அதன் பின்பக்கம் பெயரையும் நம்பரையும் எழுதித் திரும்ப மாட்டினார். தேவைப்பட்டால் கழற்றிக் காட்டலாம்; வெளியே யாருக்கும் தெரியாது.