நான்காவது தொட்டியில் ஒரு பை

முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்ற அம்மாள் தன் பெயரைச் சொன்னதுமே பனிக்கரடிக்கு விஷயம் புரிந்துவிட்டது. பதினொரு வருடம் கழித்து ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்திருக்கிறது.

பனிக்கரடி என்பது மருத்துவமனையில் அவருக்கு வைத்த பெயர். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கான, புது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல் பைகளை உறையவைத்துக் காப்பது அவர் வேலை. ஆளுயரத் தொட்டிகள் ஏழு. உள்ளே திரவ நைட்ரஜன், மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி. முழங்கை வரை தடித்த கையுறையோடு அவர் நடமாடுவதைப் பார்த்தவர்கள் வேறு பெயர் வைத்திருக்க முடியாது.

அம்மாளை அவர் அதுவரை நேரில் பார்த்ததில்லை. கடிதப் பழக்கம்தான். வருடம் தவறாமல், அம்மாள் பெயரில் உள்ள பையை வைத்திருக்கலாமா, அழித்துவிடலாமா என்று இவர் கேட்பார். “வைத்திருக்கவும்” என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். நான்காவது தொட்டி, மூன்றாவது அடுக்கு. அத்தனை வருடம் வம்பு பண்ணாமல் ஒரே இடத்தில் இருந்தவர்கள் அவருடைய சொந்தக்காரர்களில்கூட யாரும் இல்லை.

அன்று லிஃப்ட் பழுது. நான்கு மாடி ஏறியதில் காலையில் அவருக்கே மூச்சு வாங்கியது. அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“பரவாயில்ல சார், நிக்கறேன்” என்று அம்மாள் மருத்துவரின் சீட்டை நீட்டினார். அதில் பையின் எண் சரியாக இருந்தது. அவர் பார்ப்பது எண்ணை மட்டும்தான். பை யார் பெயரில் இருக்கிறதோ அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

படிவத்தைத் தேடிக்கொண்டே மெல்லப் பேச்சுக் கொடுத்தார். அம்மாளும் சொன்னார். செல்களைக் கொடுத்தது அம்மாளின் தங்கை. பாதியை அப்போதே அம்மாளுக்கு ஏற்றினார்கள். நோய் மறுபடி வந்தால் உதவும் என்று மீதியை உறையவைத்தார்கள். அம்மாள் பிழைத்துக்கொண்டார். ரத்த வகைகூடத் தங்கையின் வகையாக மாறிவிட்டது.

தங்கைக்குப் பெருமை தாங்கவில்லை. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், அக்கா உடம்பில் ஓடுவது என் ரத்தம் என்று ஆரம்பித்துவிடுவாள். அக்கா தும்மினால், “என் ரத்தம் தும்முது” என்பாள். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்த அக்கா, உறவெல்லாம் கூடியிருந்த ஒரு நாளில் வாயைத் திறந்தார்.

“அதனாலதான் இப்பல்லாம் எனக்குப் புத்தி மட்டா இருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள், தங்கையைத் தவிர. அன்றோடு பேச்சு நின்றது. ஆயிற்று, ஒன்பது வருடம்.

இந்த நேரத்திலாவது தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாமே என்றார் பனிக்கரடி.

“நான் இங்க வந்ததே அவளுக்குத் தெரிய வேணாம் சார். தெரிஞ்சா ஒத்துக்கமாட்டா.”

கொடுத்ததைப் பயன்படுத்தக்கூடவா அவளைக் கேட்க வேண்டும் என்று அவருக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டார். நைட்ரஜன் தொட்டிகளுக்கு நடுவே இருபது வருடம் இருந்தவருக்கு அது பெரிய காரியமில்லை.

விதிப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னார். “ஒரு தடவை உருக்கிட்டா மறுபடி உறையவைக்க முடியாதும்மா. உங்களுக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். பின்னால வேணும்னா கிடையாது.”

“ராத்திரி பூரா அதைத்தான் யோசிச்சேன்” என்றார் அம்மாள். பேனாவை வாங்கினார். கையெழுத்தைப் போட்டார்.

தொட்டியைத் திறந்ததும் வெண்புகை வழிந்து இருவர் காலையும் மறைத்தது. தகட்டுப் பெட்டியை வெளியே எடுத்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் கருஞ்சிவப்பாக, ஓடு போல விறைத்துக் கிடந்தது பை. எண்ணை மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் குளிர்ப்பெட்டிக்குள் இறக்கினார். வார்டில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இளஞ்சூட்டு நீரில் உருக்கி, உடனே ஏற்றிவிடுவார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடியும், தைரியமாக இருக்க வேண்டும் என்று அம்மாளிடம் சொன்னார். யாரிடமும் அவர் அப்படிச் சொல்வதில்லை.

அனுப்பும் சீட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. உங்களுடையது எந்த வார்டு, எந்தப் படுக்கை என்று கேட்டார்.

“மூணாவது வார்டு, பன்னெண்டு.”

அவர் எழுதி முடிக்கும்வரை அம்மாள் குளிர்ப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“படுத்திருக்கறது நான் இல்ல சார். குடுத்தவ.”