ஓரத்தில் ஒரு வார்த்தை

எந்தக் கோப்பை அனுப்பினாலும் எங்கள் அதிகாரி அதன் ஓரத்தில் ‘பேசவும்’ என்று எழுதித் திருப்பிவிடுவார். போய் நின்றால் ஒரு மணி நேரம் பேசுவார்.

தலைமையகம் கடிதம் போட்டது: ‘தேங்கிக் கிடக்கும் முந்நூறு கோப்புகளும் வெள்ளிக்குள் முடியாவிட்டால், திங்கள் முதல் அனைவரும் இரவு எட்டு வரை இருக்க வேண்டும்.’

வெள்ளி மாலை நாலரைக்கே எங்கள் மேசைகளில் ஒரு கோப்புகூட இல்லை. தலைமையகத்திலிருந்து இயக்குநரே போனில் கூப்பிட்டார். டைப்பிஸ்ட் அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“ஒரு நிமிஷம்கூட கூடுதலா உக்காராம எப்படிம்மா முடிச்சீங்க? உங்க அதிகாரி வாயாலயே கேக்கணும்.”

அதிகாரி அவசரமாகக் கையை ஆட்டினார்.

“அவர் பேச மாட்டார் சார்.”

“அவ்வளவு அடக்கமா?”

“தொண்டை கட்டிடுச்சு சார். ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதான் எல்லாக் கோப்புலயும் ‘சரி’ன்னு எழுதிட்டார்.”

“அடடா. எப்ப குணமாகும்?”

“திங்கட்கிழமை பேச ஆரம்பிச்சிடுவாராம்” என்றார் அக்கா, துக்கச் செய்தி வாசிக்கிற குரலில்.

பியூன் அண்ணன் எழுந்து செருப்பை மாட்டினார்.

“சாருக்கு ரெண்டு ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்துடறேன். பாவம், வாரம் பூரா உழைச்சிருக்கார்.”