எண்பத்தொரு கிலோ

பாஜிலா வளையல்களைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். தோட்டையும் கழற்றினாள். கழுத்தில் தாலியாகக் கிடந்த கருகமணியில் மட்டும் கை வைக்கவில்லை.

மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு எடை மிஷினில் ஏறினாள். மூச்சுக்கும் எடை உண்டு என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

கட்டிலில் சாய்ந்திருந்த ஜெய்லானி மனைவியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணை எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் தோள் தொங்கியதே போதும்.

எண்பத்தொன்று.

இறங்கினாள். மிஷினைக் காலால் நகர்த்தி வேறொரு தரைக்கல்லில் வைத்தாள். தரை கோணலாக இருக்கலாம் அல்லவா. மறுபடி ஏறினாள். உத்தமபாளையத்தில் எந்தத் தரையில் வைத்தாலும் அது எண்பத்தொன்றுதான் காட்டும் போலிருந்தது.

எழுபத்தைந்துக்கு இறங்கினால்தான் மதுரையில் ஆபரேஷன் செய்வார்கள். ஜெய்லானியின் இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரம் இரண்டு தடவை தேனிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்து கட்டிலில் விழுகிறான். கூடப்பிறந்த தம்பி தருகிறேன் என்றான். பரிசோதனைக்குக் கூப்பிட்டதும் போனை எடுப்பதை விட்டுவிட்டான். பொருந்தி வந்தது பாஜிலாவின் கிட்னி ஒன்றுதான். இந்த உடம்போடு முடியாது, இளைத்துவிட்டு வாருங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றே அவள் ராத்திரிச் சோற்றை மறந்துவிட்டாள்.

ஆரம்பத்தில் மளமளவென்று இறங்கியது. காலையில் ஆற்றுப் பாலம் வரை நடை, திங்களும் வியாழனும் நோன்பு. ரவிக்கைகள் தொளதொளத்தன. தெருவே மெச்சியது.

அப்புறம் நின்றது. நின்றது நின்றதுதான்.

சர்க்கரையை நிறுத்திப் பார்த்தாள். டீயை நிறுத்திப் பார்த்தாள். ஒரு வாரம் முழுக்க விடாமல் நோன்பு பிடித்துப் பார்த்தாள். மிஷின் அசைந்து கொடுக்கவில்லை.

உடம்பு பழகிக்கொண்டால் அப்படித்தான் நிற்குமாம். மனம் தளராமல் இருந்தால் ஒருநாள் சடாரென்று இறங்குமாம். யூடியூபில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அவளுக்கென்ன, அவள் புருஷன் நன்றாக இருப்பான்.

பாஜிலா மிஷின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் என்னங்க பாவம் பண்ணேன்? வாயக் கட்டி வயித்தக் கட்டிக் கெடக்கேன். இந்த ஒடம்பு எதத் தின்னு இப்படி நிக்குது?"

அழுதாள். ஜெய்லானி சுவரைப் பிடித்து எழுந்து போய், மூடி வைத்திருந்த கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தான். பள்ளிவாசலில் மாலைப் பாங்கு சொன்னார்கள்.

கம்பத்திலிருந்து தேனி வரை கல்யாண வீடுகளில் ஜெய்லானி பண்டாரி என்றால் தெரியாதவர்கள் இல்லை. அவன் தம் போட்ட பிரியாணிக்காகவே தேதியைத் தள்ளி வைத்தவர்கள் உண்டு. இப்போது நிற்க முடியாமல் முக்காலி போட்டு உட்கார்ந்து, பெண்டாட்டிக்குக் கம்பங்கஞ்சி காய்ச்சுகிறான். நீ நடந்து இளைக்கிற வேலையைப் பார், அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனாகவே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

பாஜிலா பேரீச்சம்பழத்தில் பாதியைக் கடித்து நோன்பு திறந்தாள். கஞ்சியைக் குடித்தாள். கிண்ணத்தை விரலால் வழித்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ஒங்க கைக்கஞ்சி மட்டும் இல்லாட்டி இந்தப் பட்டினிய நான் என்னைக்கோ விட்ருப்பேங்க. நோன்பில்லாத நாளைக்கும் இனிமே மத்தியானச் சோறு வேணாம். இது ஒண்ணே போதும்."

சொல்லிவிட்டுத் தொழப் போனாள். இப்போதெல்லாம் அவள் தொழுகை முடிய நேரமாகிறது. அல்லாவிடம் ஆறு கிலோவைக் கேட்கிறாள்.

ஜெய்லானி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனான். மிக்ஸி ஜாரின் அடியில் முந்திரி விழுது ஒட்டியிருந்தது. அவள் வருவதற்குள் சுரண்டிக் கழுவினான்.

நெய்யைக் கஞ்சியில் ஊற்றினால் மேலே மிதந்து காட்டிக் கொடுத்துவிடும். உடைத்த கம்பை நெய்யிலேயே வறுத்து, முந்திரிப் பாலில் குழையக் குழைய வேகவைத்தால் கண்ணுக்குத் தெரியாது. ருசி மட்டும் கூடும். ஊருக்கே சமைத்தவனுக்கு இது ஒரு வித்தையா?

மதுரையில் அவள் மாத்திரை வாங்கப் போயிருந்தபோது டாக்டரிடம் தனியாகக் கேட்டிருந்தான். வைக்கிற கிட்னி உங்கள் உடம்பில் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். திரும்பி வரும் பஸ்ஸில், அவள் தோளில் சாய்ந்து தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டே அவன் முடிவு செய்துவிட்டான். மகள் ஷாஜியா இப்போதுதான் பத்தாவது படிக்கிறாள். அவளுக்கு ஒருத்தராவது முழுசாக மிச்சம் இருக்க வேண்டும்.

உள்ளே பாஜிலா கையேந்தி விசும்புவது கேட்டது.

மத்தியானச் சோறும் வேண்டாம் என்கிறாளே. பட்டை கிராம்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்த பொட்டலத்தை எடுத்து, நாளைக்கு ஒரு கை முந்திரியைக் கூடுதலாக ஊறப் போட்டான்.